சிரிஞ்சில் 40 என்று இருந்தால் 40 யூனிட் ஆகாது: போடாக்ஸ் எத்தனை மாதம் நிற்கும் என்று பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டது

தீபாவளிக்கு முன்னால் வேளச்சேரிப் பக்கம் ஒரு கிளினிக்கில் "முழு நெற்றி போடாக்ஸ் 8,000 ரூபாய்" என்று ஆஃபர் போட்டிருந்தார்கள். போடாக்ஸ் என்றால் தசையைத் தளர்த்தி முகக் கோட்டைக் குறைக்கும் ஊசி. எனக்கு 46 வயது. தை மாதம் அக்கா பெண்ணுக்குக் கல்யாணம். புருவ நடுவில் இரண்டு செங்குத்துக் கோடு, நெற்றியில் மூன்று படுக்கைக் கோடு. சும்மா உட்கார்ந்திருந்தால்கூட "ஏன் கோபமா இருக்க?" என்று கேட்கும் அளவுக்கு அந்தக் கோடுகள் பதிந்திருந்தன. வீட்டில் யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருந்தது, சொல்லாமல் போனேன். அதனால் எச்சரிக்கவும் ஆள் இல்லாமல் போயிற்று. கல்யாணத்துக்குள் இரண்டு தடவை ஊசி, ஜி.எஸ்.டி.யோடு 15,340 ரூபாய், பயந்துபோய்ப் பார்த்த கண் டாக்டருக்கு 800, கடைசியில் கல்யாண ஆல்பம் முழுக்கப் புருவம் இறங்கிய முகம். இதில் பெரும்பாலானது முன்கூட்டியே நாலு கேள்வி கேட்டிருந்தால் நடந்திருக்காது. அந்தக் கேள்விகளை எனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று பல ராத்திரி அழுதிருக்கிறேன்.

முதல் நாள் நான் முதலில் கேட்டது இது: எத்தனை மாதம் நிற்கும்? "ஆறு மாசம் நிக்கும் மேடம், வெயில்ல அலையாம இருந்தா இன்னும்கூட நிக்கும்" என்றார் ஊசி போட்டவர். எத்தனை யூனிட் (மருந்தின் வீரியத்தை அளக்கும் கணக்கு) போடுகிறீர்கள் என்றதற்கு சிரிஞ்சைத் தூக்கிக் காட்டினார். ஆரஞ்சு மூடி போட்ட இன்சுலின் சிரிஞ்சு. மருந்து 40 என்ற கோடு வரை இருந்தது. "நாற்பது மேடம், பாருங்க." நானும் பார்த்தேன், நம்பினேன். புருவ நடுவில் மூன்று இடம், நெற்றியில் ஐந்து இடம், மொத்தம் எட்டுக் குத்து. பத்து நிமிடத்தில் முடிந்தது. பில்லில் "நெற்றி பேக்கேஜ்" என்று மட்டும் இருந்தது. யூனிட் கணக்கு, மருந்தின் பெயர், எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் லாட் எண் எதுவும் இல்லை.

இந்த நாற்பதாவது கோடு விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் ஏமாறுவது இங்கேதான். ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் உள்ள எண்கள் இன்சுலின் யூனிட்டைக் குறிப்பவை. 100 என்ற எண் வரை நிரப்பினால் 1 மி.லி. ஆகவே 40 என்ற கோடு என்றால் 0.4 மி.லி. திரவம், அவ்வளவுதான். அதற்குள் எத்தனை யூனிட் போடாக்ஸ் இருக்கிறது என்பது குப்பியில் எவ்வளவு சலைன் (உப்புநீர்) கலந்தார்கள் என்பதைப் பொறுத்தது. போடாக்ஸ் குப்பி 50 யூனிட், 100 யூனிட் என்ற அளவுகளில் வருகிறது. உள்ளே மருந்து காய்ந்த மெல்லிய படலமாகத்தான் இருக்கும், பார்க்கக் காலிக் குப்பி மாதிரித் தெரியும். 100 யூனிட் குப்பியில் 2.5 மி.லி. சலைன் கலப்பது நிறுவனம் சொல்லும் முறைகளில் ஒன்று. அப்போது 0.1 மி.லி.யில் 4 யூனிட் இருக்கும், நாற்பதாவது கோட்டில் 16 யூனிட். அதே குப்பியில் 5 மி.லி. கலந்தால் 0.1 மி.லி.யில் 2 யூனிட், நாற்பதாவது கோட்டில் 8 யூனிட். நாற்பதாவது கோட்டில் நிஜமாகவே 40 யூனிட் இருக்க வேண்டுமானால் 1 மி.லி. மட்டும்தான் கலந்திருக்க வேண்டும். நம் ஊரில் சிவப்பு மூடி போட்ட இன்னொரு இன்சுலின் சிரிஞ்சும் உண்டு, அதில் 40 கோடு சேர்ந்தாலே 1 மி.லி. ஆகவே சிரிஞ்சின் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கேட்க வேண்டியது இரண்டு: எத்தனை யூனிட் குப்பி, எத்தனை மி.லி. கலந்தீர்கள்? பிற்பாடு பலமுறை போன் செய்து கேட்டபோது 5 மி.லி. கலப்பதாகச் சொன்னார்கள். எனக்குப் போனது 8 யூனிட், ஒரு குத்துக்கு 1 யூனிட். வரியைச் சேர்க்காமலே யூனிட்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறேன். அதிகமாகக் கலப்பதே தவறு என்று சொல்லவில்லை. யூனிட் சரியாக இருந்தால் திரவ அளவு கூடினாலும் வேலை செய்யும், ஆனால் சற்று அகலமாகப் பரவும். யூனிட்டைச் சொல்லாமல் திரவத்தைக் காட்டிக் காசு வாங்குவதுதான் தவறு.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமே. போடாக்ஸ் விஷயத்தில், புருவ நடுக் கோட்டுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2002இல் ஒப்புதல் கொடுத்த அளவு ஐந்து இடத்தில் தலா 4, மொத்தம் 20 யூனிட். கண்ணோரக் கோட்டுக்கு 2013இல் கொடுத்தது பக்கத்துக்கு 12, மொத்தம் 24. நெற்றிக் கோட்டுக்கு 2017இல் கொடுத்தது 20, அதுவும் புருவ நடுவில் போடும் 20 உடன் சேர்த்து. நெற்றிக்கு இதைவிடக் குறைத்துப் போடும் டாக்டர்கள் நிறைய, குறைத்தால் முகபாவம் உறையாமல் இருக்கும் என்பதால். இதே வகையைச் சேர்ந்த டிஸ்போர்ட் என்ற மருந்தின் யூனிட் வேறு கணக்கு, புருவ நடுவுக்கு 50. ஆகவே ஒரு பிராண்டின் யூனிட் விலையை இன்னொன்றோடு நேராக ஒப்பிட்டு "இங்கே மலிவு" என்று ஓடாதீர்கள்.

எனக்கு ஐந்தாம் நாள் லேசாக வித்தியாசம் தெரிந்தது. இரண்டாம் வாரம் கோடு கொஞ்சம் மங்கியிருந்தது, ஆனால் முகத்தைச் சுளித்தால் பழையபடி மடிந்தது. ஆறாவது வாரம் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. கிளினிக்கில் கேட்டால், "உங்க பாடிக்கு சீக்கிரம் போயிடுது மேடம், சில பேருக்கு அப்படித்தான்" என்றார்கள். என் உடம்பின் மேலேயே பழி விழுந்ததும் நானும் அதை ஏற்றுக்கொண்டு வெட்கப்பட்டேன். இப்போது தெரிகிறது, அந்தப் பதில் பாதி உண்மைகூட இல்லை.

இந்த மருந்து செய்யும் வேலை இதுதான். நரம்பின் நுனியிலிருந்து தசைக்கு "சுருங்கு" என்று கட்டளை கொண்டுபோவது அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம். அது வெளியே வரத் தேவையான ஸ்நாப்-25 என்ற புரதத்தை மருந்து வெட்டிவிடுகிறது. கட்டளை போகாததால் தசை தளர்கிறது, மேலே தோல் மடிவது நிற்கிறது. இரண்டு மூன்று நாளில் தொடங்கி, பதினான்கு நாளில் முழுப் பலன் தெரியும். பிறகு நரம்பு நுனி புதுத் தளிர் மாதிரிக் கிளை விட்டுத் தசையைத் தொடுகிறது, கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நுனியும் குணமாகிறது. அதனால்தான் பலன் ஒரே நாளில் போவதில்லை. முதலில் அசைவு திரும்பும், பல வாரம் கழித்துக் கோடு திரும்பும். பொதுவாக மூன்று முதல் நான்கு மாதம். ஆறு மாதம் என்று முகச் சுருக்கத்துக்கு ஒருவர் உறுதி கொடுத்தால் அவரிடம் போடாதீர்கள் என்பது என் கருத்து.

சீக்கிரம் போய்விட்டது என்று தோன்றினால் எந்த மாதிரிப் போனது என்று பிரித்துப் பாருங்கள், காரணம் அதில்தான் இருக்கிறது. பதினான்காம் நாளிலேயே அசைவு பாதிதான் குறைந்திருந்தது என்றால் யூனிட் போதவில்லை, அல்லது சரியான தசையில் விழவில்லை. என் கதை அதுதான். பதினான்காம் நாள் நன்றாக இருந்து ஏழெட்டு வாரத்தில் போனால் உங்கள் தசைக்கு அந்த அளவு குறைவு, அடுத்த தடவை கூட்ட வேண்டும். மூன்று வாரம் ஆகியும் ஒன்றுமே இல்லை என்றால் மருந்து கெட்டிருக்கலாம், போலியாக இருக்கலாம். திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும், கலந்தபின் 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது நிறுவனத்தின் குறிப்பு. காலையில் வேறு ஒருவருக்குத் திறந்த குப்பியா, போன வாரம் திறந்ததா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நாலாவது வகை அபூர்வம்: முன்பு நன்றாக வேலை செய்தது, இப்போது தடவைக்குத் தடவை குறைந்துகொண்டே வருகிறது என்றால், உடம்பு மருந்துக்கு எதிராக ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கியிருக்கலாம். அடிக்கடி, அதிக அளவில் போட்டால் அந்த வாய்ப்பு கூடும். மூன்று மாத இடைவெளி கட்டாயம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த இடைவெளியைத்தான் நான் மீறினேன். டிசம்பர் முதல் வாரம், முதல் ஊசி போட்டு ஏழு வாரத்தில், "டச்-அப் பண்ணிடலாம்" என்று கூப்பிட்டார்கள். 5,000 ரூபாய், வரியோடு 5,900. டச்-அப் என்பது பதினான்காம் நாள் பார்த்து, விட்டுப்போன இடத்தில் இரண்டு மூன்று யூனிட் சேர்ப்பது. ஏழாவது வாரத்தில் போடுவது டச்-அப் ஆகாது, அது இன்னொரு ஊசி. அதுவும் இந்த முறை புருவ நடுவை விட்டுவிட்டு நெற்றியில் மட்டும், புருவத்துக்கு ஒரு விரல் மேலே, ஐந்து இடத்தில் போட்டார்கள். பத்தாம் நாள் கண்ணாடியைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. புருவம் இரண்டும் கீழே இறங்கி, இமைக்கு மேலுள்ள தோல் மடிந்து கண்மேல் உட்கார்ந்திருந்தது. பேப்பர் படித்தால் அரை மணியில் நெற்றி வலித்தது. பக்கவாதமோ என்று பயந்துதான் அந்தக் கண் டாக்டரிடம் ஓடினேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். புருவத்தை மேலே தூக்கும் தசை முகத்தில் ஒன்றே ஒன்று, நெற்றித் தசை. கீழே இழுப்பவை மூன்று நான்கு, புருவ நடுவிலும் கண்ணைச் சுற்றியும். தூக்குவதை மட்டும் தளர்த்தி இழுப்பதை விட்டுவைத்தால் புருவம் இறங்கத்தானே செய்யும். நாற்பதைத் தாண்டியவர்களில் பலர், தங்களுக்கே தெரியாமல், தளர்ந்த இமைத் தோலை நெற்றியால் தூக்கிப் பிடித்தபடி வாழ்கிறோம். வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணை மூடி நெற்றியைத் தளரவிடுங்கள், விரலால் நெற்றியை அசையாமல் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறங்கள். இமை கனத்தால் உங்களுக்கு நெற்றியில் மிகக் குறைவாக, மிக மேலே, கண்குழி எலும்பின் விளிம்புக்கு 2 செ.மீ. மேலாவது போட வேண்டும், புருவ நடுவையும் சேர்த்துப் போட வேண்டும். இமையே இறங்குவது வேறு சிக்கல்: மருந்து உள்ளே பரவி இமையைத் தூக்கும் தசையைப் பிடிப்பதால், பெரும்பாலும் ஒரு பக்கம், இமை விளிம்பு கருவிழிமேல் வரும். அதற்கு அப்ராக்ளோனிடின் என்ற சொட்டு மருந்து டாக்டர் எழுதித் தந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கும். புருவ இறக்கத்துக்கு அதுவும் உதவாது. போட்ட போடாக்ஸின் வேலையை முறிக்கும் மருந்து கிடையாது, காத்திருப்பதுதான் வழி. விழுங்கச் சிரமம், குரல் மாற்றம், மூச்சுத் திணறல், உடம்பு முழுக்கச் சோர்வு வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், உடனே 108.

நான் ஒன்பது வாரம் காத்திருந்தேன், நடுவில் கல்யாணம். முகூர்த்தத்தன்று காலையிலிருந்து "தூங்கலையா? உடம்பு சரியில்லையா?" என்று கேட்காத உறவுக்காரர் இல்லை. போட்டோ ஆல்பம் வந்தபோது அக்காவுக்கு முன்னால் சிரித்துவிட்டு, பாத்ரூமுக்குப் போய் அழுதேன். பணத்தைவிட அந்தப் படங்கள்தான் இன்றும் வலிக்கின்றன.

புருவம் பிப்ரவரியில் பழைய இடத்துக்கு வந்தது. ஏப்ரலில், முழுதாக நான்கு மாதம் விட்டு, அடையாறில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். முதலில் எம்.டி. டி.வி.எல். என்ற தோல் மருத்துவ மேற்படிப்பா என்று பார்த்தேன், பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்தில் சரிபார்த்தேன். அவர் ஊசி எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் பேசினார். சுளிக்கச் சொல்லி, புருவம் தூக்கச் சொல்லி, பேசாமல் இருக்கச் சொல்லி மூன்று படம் எடுத்தார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன், மயஸ்தீனியா மாதிரித் தசைநோய் உண்டா, ஜென்டாமைசின், அமிக்காசின் மாதிரி ஆன்டிபயாடிக் சமீபத்தில் போட்டதா என்று கேட்டார், அவை இந்த மருந்தின் வேகத்தைக் கூட்டுமாம். கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவருக்கும் போடுவதில்லை என்றார். குப்பியை என் முன்னால் திறந்தார். சலைன் ஊசியைக் குத்தியதும் உள்ளே இருக்கும் வெற்றிடம் தானாகச் சலைனை இழுத்துக்கொண்டது, இழுக்காவிட்டால் அந்தக் குப்பியைத் தூக்கிப் போட வேண்டும் என்றார். புருவ நடுவில் 20, நெற்றியின் மேல் வரிசையில் 8, ஆக 28 யூனிட். யூனிட் 350 ரூபாய், 9,800, வரியோடு 11,564. பில்லிலேயே யூனிட், பிராண்ட், லாட் எண், காலாவதித் தேதி எழுதிக் கொடுத்தார். ஆஃபர் விலையைவிட அதிகம்தான். ஆனால் ஜூலை நடுவில்தான் சுளிப்பு லேசாகத் திரும்பியது, கோடு திரும்ப ஆகஸ்ட் நடு ஆயிற்று. பதினேழு வாரம்.

அதே டாக்டரிடம்தான் ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் ஏன் மாறுகிறது என்றும் கேட்டேன். தசை பருத்தவர்களுக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, அதே யூனிட் சீக்கிரம் தீரும். உதட்டு மேல் போடும் சிறு அளவு ஆறு முதல் எட்டு வாரம்தான், அளவும் குறைவு, பேசிச் சாப்பிட்டு ஓயாத தசையும்கூட. தாடைத் தசையில் பக்கத்துக்கு 20, 30 யூனிட் போடுவார்கள், பலன் தெரியவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், ஆனால் ஆறு மாதம் வரை நிற்கும். அக்குள் வியர்வைக்குப் பக்கத்துக்கு 50 யூனிட், அதுவும் ஆறேழு மாதம் தாங்கும், ஏனெனில் அங்கே மருந்து பிடிப்பது தசை நரம்பை விட்டுவிட்டு வியர்வைச் சுரப்பியின் நரம்பை. ஆறு மாதக் கதை இப்படித்தான் நெற்றிக்கும் வந்து ஒட்டிக்கொள்கிறது போலும். மூன்று நான்கு தடவை முறையாகப் போட்டவர்களுக்குத் தசை சற்று மெலிந்து, இடைவெளி கொஞ்சம் நீளலாம். இன்னொன்று, முகம் சும்மா இருக்கும்போதும் தெரிகிற ஆழ்ந்த கோடு இந்த ஊசியால் முழுதாகப் போகாது. அதைப் பார்த்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று மேலும் மேலும் யூனிட் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

வெயில் விஷயம்: சென்னை வெயிலால் மருந்து கரைந்துபோகும் என்பது தவறு. மருந்து சில மணி நேரத்திலேயே நரம்பு நுனிக்குள் போய்விடுகிறது, வெளிச்சூடு அதைத் தொடாது. என் மூன்றாவது ஊசி கத்திரி வெயில் முழுவதையும் பார்த்தது. வெயிலால் கெடுவது தோல், அதற்கு சன்ஸ்கிரீன் போடுங்கள். ஜிங்க் மாத்திரை சாப்பிட்டால் நீடிக்கும் என்று விற்கிறார்கள், நான் அதில் பணம் போடவில்லை, சரியான யூனிட்டுக்கு வைத்துக்கொண்டேன். கவனம் வேண்டியது முதல் நாள்தான்: நாலு மணி நேரம் படுக்க வேண்டாம், குனிந்து விழுந்து கும்பிடுவதையும் தள்ளி வையுங்கள். அன்று ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் திரும்பாதீர்கள், உள்பட்டை சரியாக நெற்றியைத்தான் அழுத்தும், ஆட்டோவில் வாருங்கள். ஸ்டிக்கர் பொட்டை அழுத்தி ஒட்ட வேண்டாம், குங்குமத்தைத் தேய்க்க வேண்டாம். எண்ணெய்க் குளியல், ஃபேஷியல், த்ரெடிங் எல்லாம் பிறகு. ஊதிய தடிப்பு அரை மணியில் அமரும், கன்னிப்போனால் பத்து நாள் வரை தெரியலாம். ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களுக்குக் கன்னிப்போக வாய்ப்பு அதிகம், ஆனால் இதய டாக்டரைக் கேட்காமல் ஊசிக்காக அதை நிறுத்தவே கூடாது.

பதினான்காம் நாளிலிருந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே ஜன்னல் வெளிச்சத்தில் சுளித்த படம் ஒன்று, சாதாரணப் படம் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "சீக்கிரம் போய்விட்டது" என்ற வாய்ப்பேச்சுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், தேதி போட்ட படத்துக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். பக்கவிளைவு வந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பதிவு செய்யலாம், அது நாட்டின் மருந்துப் பக்கவிளைவுக் கண்காணிப்புத் திட்டத்தின் எண். அன்று எனக்கு அது தெரியாது.

கார்த்திகையில் அக்காவின் சின்னப் பெண்ணுக்குக் கல்யாணம். ஆறு வாரம் முன்னால், அக்டோபர் நடுவில், ஊசிக்கு நாள் வாங்கியிருக்கிறேன். இரண்டு வாரத்தில் பார்த்து இரண்டு மூன்று யூனிட் திருத்த வேண்டியிருந்தால் திருத்தி, அதுவும் அமர இன்னும் இரண்டு வாரம், கையில் மிச்சம் இரண்டு வாரம். இந்த முறை அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பழைய பில்லையும் புது பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "கூட நானும் வரேன்டி" என்றாள்.